ஒன்பது பத்து

குன்னூரிலிருந்து கொலக்கம்பைக்குக் கடைசிப் பஸ்
ஒன்பது பத்துக்கு.
மாலைக் காட்சி விடுவது ஒன்பது இருபதுக்கு.
என் சினிமா அறிவில் உள்ள ஓட்டை
சரியாகப் பத்து நிமிட அகலம்.

டிசம்பர் முப்பது. ஃபேக்டரிக்கு இலை வரத்து இல்லை,
காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டினாற்போல் உறைபனி.
சல்லடை நின்றிருந்த நேரம்
பழைய இன்வாய்ஸின் பின்பக்கம்
ஒன்று முதல் பத்துவரை எண் போட்டுவிட்டேன்.
எண்ணுக்கு நேரே எழுதத்தான் கை வரவில்லை.

தேயிலை என்றால் சுலபம்.
கண்ணி எதை விட்டுவிடுகிறதோ அது டஸ்ட்,
எதைப் பிடித்துக்கொள்கிறதோ
அதற்கு நல்ல பெயர், நல்ல விலை.
ஊரே குடிப்பது என்னவோ டஸ்ட்டைத்தான்.
நானும்.

பத்தாவது அந்த லாரிப் படம்.
கதை கிடக்கட்டும்,
டயருக்குக் கல் வைத்துவிட்டு அந்தக் கல்லிடம்
கிளீனர் பையன் ஏதோ சொல்வானே, அதற்காக.
ஒன்பதாவது, கிணற்றுக்குள்ளேயே நடக்கும் படம்.
கயிறு மேலே ஏறிக்கொண்டிருக்கையில் எழுந்து வந்தேன்.
எனக்கு அவன் இன்னும் பாதிக் கிணற்றில் தொங்குகிறான்.
எட்டு, ஒரு சிரிப்புப் படம்.
முன்வரிசையில் யாரோ குழந்தைக்கு வர்க்கி ஊட்டினார்கள்.
அது நொறுங்கும் சத்தம் இல்லாமல்
அந்தப் படத்தை நினைக்க முடிவதில்லை.
ஏழு முதல் இரண்டுவரை
அடித்து அடித்து எழுதியதில் தாள் கிழிந்தது.

"முடிவு பார்க்காம மார்க் போடுறியே,
பாதிப் பேப்பர் திருத்துற வாத்தியார் மாதிரி"
என்றாள் ஜெபசீலி.

ஒரே ஒரு படத்துக்குப் பஸ்ஸை விட்டேன், ஜூலையில்.
ஒன்பது எட்டு. எழவில்லை.
ஒன்பது பன்னிரண்டு.
போனது போனதுதான் என்று செருப்பைக் கழற்றிவிட்டு
காலை மடித்து உட்கார்ந்தேன்.
மழை, ரயில் நிலையம், மன்னிப்பு,
கட்டிப்பிடித்தல், மேலேறும் பெயர்கள்.
இதற்கா.

காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய பிக்கப்பில்
சேலாஸ் வரை, காலிச் சாக்குகளின்மேல்.
அங்கிருந்து ஜெபசீலியின் அண்ணன் பைக்.
வளைவில் ஒரு காட்டெருமை சாலையை அடைத்து நின்றது.
விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.
கால்மணி நேரம். வசனம் இல்லை.
இதை நாலாவதாகப் போடட்டுமா என்று கேட்டதற்கு
ஜெபசீலி சிரிக்கவில்லை.

கண்டக்டர் குணபூஷணத்துக்கும் ஓட்டு உண்டு.
அவர் ஒரு படமும் பார்த்ததில்லை.
டிக்கெட் கொடுத்து முடித்ததும் கம்பியில் சாய்ந்து
"ம், சொல்லும்மா" என்பார்.
நான் விட்ட இடத்திலிருந்து அவரே நடத்துவார்.
வில்லனைத் திருத்துவார், செத்தவர்களை எழுப்புவார்,
தூதூர்மட்டம் வருவதற்குள் கல்யாணமும் செய்துவைப்பார்.
கிளீனர் பையனுக்கு அவர் கொடுத்தது
அரசாங்க வேலை, பென்ஷனோடு.

இன்று ராத்திரி பட்டியலை அவரிடம் நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"ஒண்ணு விட்டுப்போச்சு."
எது?
"பேர் தெரியாது. நீ சொல்லவே இல்லியே.
அக்டோபர்ல. ஒரே மூடுபனி, வைப்பர் வேற ஓடல.
சொல்லும்மான்னேன்,
நீ ஜன்னலப் பாத்துக்கிட்டே வந்த.
எறங்கறப்ப குடையக்கூட எடுக்கல.
அதான் இந்த வருசத்துப் படம்."

கொஞ்சம் நேரமாயிற்று நினைவு வர.
ரேஷன் கடை வாசலில் ஒருத்தி நிற்பாள்.
கடை திறக்காது.
கார்டை விசிறியாக்கி வீசிக்கொண்டே இருப்பாள்.
பிறகு வீசுவதை நிறுத்துவாள்.
அந்த இடத்தில்தான் மணி பார்த்தேன்.

ஒன்றுக்கு நேரே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.
படத்தின் பெயரை ஜெபசீலியைக் கேட்க வேண்டும்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு
அவர் என் குடையை உருவினார்.
கம்பியெல்லாம் துரு, துணி ஒட்டிப் போயிருந்தது.
இத்தனை நாள் ஏன் தரவில்லை என்றேன்.
"நீ கேக்குறியான்னு பாத்தேன்"
என்றபடி விசிலை வாயில் வைத்தார்.